நாற்பத்தைந்து வருடத்துக் காகிதம்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். முந்தின நாள் சாயங்காலம் பெய்த மழையில் மொட்டை மாடி இரண்டு இடத்தில் மட்டும் ஈரமாக இருந்தது. வெயில் ஏறிவிட்டது, காற்று இல்லை. காகிதம் உலர்த்த இதைவிட நல்ல நாள் வாய்க்காது. கொடியில் பதினெட்டுத் தாள்கள் தொங்கின. பத்தொன்பதாவதைத் தேநீர்த் தட்டிலிருந்து தூக்கியபோது என் மனைவியின் தம்பி படியேறி வந்தான்.

நான் செய்கிற வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு ஆவண அறையில் முப்பத்தோரு வருடம் இருந்தேன், முதலில் வேலூர், பிறகு வேங்கிக்கால். காகிதம் பழசாகாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு புதுக் காகிதத்தைப் பழசாக்குகிறேன். தாள்களைத் தேநீரில் முக்கி, உலர்த்தி, தேய்த்து, பதினாறு பதினாறாக மடித்துத் தைத்து, நோட்டுப் புத்தகமாகக் கட்டுகிறேன். செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு அருகே கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள் மாதம் பன்னிரண்டு புத்தகம் வாங்கிக்கொள்கிறார். இரண்டு மாதம் தங்கிப் போக வருகிறவர்கள் அவற்றை வாங்குகிறார்கள். வெள்ளைத் தாளில் மனசைத் திறந்து எழுத அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறதாம்.

“ஊரை ஏமாத்துற வேலை” என்று எதிர்வீட்டுக்காரர் சொல்வார். நான் யாரையும் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உட்புறத்திலும் வரிசை எண்ணும் செய்த தேதியும் பென்சிலால் எழுதியிருக்கும். தலைக்கு மை பூசிக்கொண்டு நடக்கும் எதிர்வீட்டுக்காரர் தன் பிறந்த தேதியை எங்கே எழுதி வைத்திருக்கிறார்?

கடைக்கார அம்மாளிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. “ஓரத்தைக் கொஞ்சம் கொளுத்தி விடுங்க சார், கருகுன மாதிரி இருந்தா ஜாஸ்தி போவுது” என்பார். முப்பத்தோரு வருடத்தில் நான் பிரித்த கட்டுகளில் ஓரம் கருகியவை இரண்டே இரண்டு. இரண்டும் ஒரே தீயில் கருகியவை. காகிதம் தீயில் பழசாவதில்லை. ஓரத்திலிருந்து உள்ளே மெல்ல மெல்ல மஞ்சளாகும், மடிப்பில் பழுப்பேறும், இரும்புப் பெட்டியில் கிடந்தால் துரு பிடித்துக்கொள்ளும். “கொளுத்தணும்னா வேற ஆளைப் பாருங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் வேறு ஆளைப் பார்க்கவில்லை.

இனி மச்சானுக்கு வருகிறேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும் கடலையும் போடுகிறான். வயது அறுபத்தேழு. கையில் ஒரு பை நிறையப் பச்சைக் கடலை.

“அக்கா, மல்லாட்டை கொண்டாந்தேன், அவிச்சிடு” என்று கீழே குரல் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். “இன்னா மாமா, டீயை நீங்க குடிக்காம காயிதத்துக்கு ஊத்திக்கினு இருக்கீங்க?”

“உங்கக்கா எனக்கு நாளைக்கு ரெண்டு கிளாஸ்தான் குடுக்கறா. இதுக்குக் கணக்கில்ல, அதனால இது குடிக்குது.”

கொடிக்குக் கீழே குனிந்து வந்து தாள்களைத் தொட்டுப் பார்த்தான். வேறெந்த நாளும் அவன் தொட்டதில்லை.

“பேரனுக்குக் காது குத்தறோம் மாமா, ஆவணியில. பத்திரிகை அந்தக் காலத்துப் பத்திரமாட்டம் இருக்கணும்னு மருமவ ஆசைப்படுது. பிரஸ்காரன்கிட்ட மாதிரி காட்ட ஒரு நாலு தாளு பண்ணிக் குடுங்க. ஃபுல்ஸ்கேப் சைஸு.”

“எவ்ளோ பழசு வேணும்?”

எல்லோரிடமும் நான் கேட்கும் கேள்வி இது. எல்லோரும் ரொம்பப் பழசு என்பார்கள், இல்லையென்றால் ராஜா காலத்துப் பழசு என்பார்கள். மச்சான் மலைப் பக்கம் திரும்பி ஒரு நொடி யோசித்தான்.

“ஒரு நாப்பத்தஞ்சு வருஷம் இருந்தா போதும்.”

நான் அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். காதுகுத்துப் பத்திரிகைக்கு எதற்கு நாற்பத்தைந்து? ஐம்பது ஏன் இல்லை? ஆனால் எனக்கு வந்தது சந்தோஷம். இந்த வேலையைத் தொடங்கிய பதின்மூன்று வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் எண் சொல்லிக் கேட்டதில்லை. நாற்பத்தைந்து வருடத்துக்கும் அறுபது வருடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான், அதைக் கேட்டு வந்தவன் அவன் ஒருவன்தான்.

மூன்று நாள் அதற்கே செலவிட்டேன். ஒரு லிட்டர் தண்ணீரில் நான்கு கரண்டி டஸ்ட் டீ, இடித்த கடுக்காய் இரண்டு, பதினான்கு நிமிடக் கொதி. முக்கியது மூன்று நிமிடம். ஓரங்களுக்கு மட்டும் தூரிகையால் மூன்று தடவை பூச்சு. நான்காக மடித்து, மடிப்பின் மேல் இன்னொரு பூச்சு. ஒரு மூலையில் துருப்பிடித்த பெயின்ட் டப்பா மூடியை ஈரத்தோடு வைத்து எடுத்தேன், அரை வட்டமாகக் கறை விழுந்தது. ஐந்து தாள் செய்து ஒன்றைக் கழித்தேன், அதில் அறுபது வருடம் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை வந்து நான்கையும் வாங்கிக்கொண்டு போனான். “தங்கம் மாமா உங்க கை” என்றான். சொந்தக்காரன் என்பதால் காசு வாங்கவில்லை.

ஜூலை 10, புதன்கிழமை. என் கொழுந்தியாள், அதாவது மனைவியின் தங்கை, போனில் அழுதாள். அவளுக்கு அறுபத்தாறு வயது. பிள்ளைகள் இல்லை. நான்கு வருடத்துக்கு முன் கணவர் இறந்ததும் பிறந்த ஊருக்கே வந்துவிட்டாள். அப்பன் நிலம் மூன்று ஏக்கர் பதினெட்டு சென்ட். அதில் பம்ப் செட்டை ஒட்டிய ஒற்றை அறையில் இரண்டு மாட்டோடு இருக்கிறாள். மச்சான் அந்த நிலத்தை மனை போட்டு விற்கும் ஒருவனிடம் முழுசாக விலை பேசியிருந்தான். மூன்றில் ஒரு பங்கு தரச் சொல்லி இவள் ஒரு வருடமாகக் கேட்கிறாள். இப்போது அப்பா கைப்பட எழுதிய கூர்ச்சீட்டு, பாகம் பிரித்த சீட்டு, பழைய பெட்டியில் கிடைத்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஐந்து பேரைக் கூட்டிப் படித்துக் காட்டப் போகிறானாம். அந்தச் சீட்டு செல்லுபடியானால் அவள் அந்த அறையைக் காலி செய்ய வேண்டும். போக வேறு இடம் கிடையாது.

“அக்கா, நீ வந்து நில்லு. ஒண்ணும் பேச வேணாம், நில்லு போதும்” என்றாளாம்.

மனைவிக்கு முழங்கால் வலி. பஸ் ஏற, இறங்க ஆள் வேண்டும் என்பதால்தான் நான் போனேன். என்னை யாரும் அழைக்கவில்லை.

மச்சான் வீட்டு வாசலில் டிராக்டர் நிறுத்தும் தகரக் கொட்டகை. ஐந்து பிளாஸ்டிக் நாற்காலியில் ஐந்து பேர். நடுவில் வெற்றிலைப் பெட்டியோடு ஊர்ப் பெரியவர், எண்பது தாண்டியவர். என்னைப் பார்த்ததும் மச்சான் முகம் ஒரு மாதிரி ஆனது.

“நீங்க எதுக்கு மாமா இந்த வெயில்ல?”

“உங்கக்கா காலுக்கு நான்தான் துணை.”

மச்சான் இரும்புப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியைப் பிரித்து, தாளை இரண்டு கையாலும் எடுத்துப் பெரியவரிடம் நீட்டினான். பக்கத்தில் இருந்தவர் வாங்கிப் படித்தார். 1979ஆம் வருடம். பெண்கள் இருவருக்கும் நகையாகப் பதினான்கு சவரனும் பதினோரு சவரனும் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டபடியால் நிலம் முழுவதும் மகனுக்கே. கீழே அப்பாவின் கையெழுத்து, இரண்டு பெண்களின் பெருவிரல் ரேகை.

கொழுந்தியாள் எழுந்துவிட்டாள். “நான் எட்டாவது படிச்சவ. நான் எதுக்குண்ணா ரேகை வைக்கறேன்?”

“அன்னிக்குப் பேனாவுல மை இல்ல.”

“அப்பா கையெழுத்துப் போடற வரைக்கும் இருந்த மை, என் முறை வந்ததும் தீந்துபோச்சா?”

ஐந்து பேரில் இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. தாளைத் தடவிக்கொண்டே இருந்தார். “சிரிக்காதீங்கப்பா. காயிதத்தைப் பாருங்க. இதோட வயசை யாரும் செய்ய முடியாது. எங்க அப்பன் பத்திரம் இதே நெறம்தான். காயிதம் பொய் சொல்லாது.”

அவர் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கினார். மூலையில் அரை வட்டத் துருக்கறை.

அந்த வட்டம் என்னுடையது. அந்த நான்கு மடிப்பும் என்னுடையது. என் மச்சான் செய்தது திருட்டு என்றால் திருட்டுக்குச் சாவி செய்து கொடுத்தவன் நான். வாயைத் திறந்தால் என்னையும் சேர்த்துத்தான் சொல்லுவார்கள், இது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் மச்சான் நம்பியிருந்தான் போல. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தாள். அவள் என்ன நினைத்துப் பிடித்தாள் என்று தெரியாது. எழுந்தபோது சட்டை இழுபட்டது, அதையும் மீறி எழுந்தேன்.

“இந்தத் தாளுக்கு வயசு முப்பத்தோரு நாள். நான் பண்ணினது.”

மச்சான் சிரித்தான். “மாமாவுக்கு வயசாயிடுச்சுங்க. பென்ஷன் வாங்கறதுக்கே உயிரோட இருக்கேன்னு எழுதிக் குடுத்துட்டு வர்ற ஆளு. காலையில இன்னா சாப்பிட்டார்னு கேளுங்க, தெரியாது.”

“ரெண்டு இட்லி. மூணாவது வேணாம்னுட்டேன்.”

பெரியவருக்குக் கோபம். “இன்னாங்க நீங்க, படிச்ச மனுஷன். காயிதம் கையில கீது, கண்ணால பாக்கறோம். வயசைப் போய்ப் பண்ணினேங்கறீங்க?”

“டீக்கடையில பால் போடாத டீ எட்டு கிளாஸ் வாங்கியாரச் சொல்லுங்க. ஒரு ஃபுல்ஸ்கேப் தாளும். ஒரு மணி நேரம் குடுங்க. இதே கொட்டகையில, உங்க கண்ணு முன்னாடி, இன்னொண்ணு பண்ணித் தரேன்.”

“இது இன்னா பொம்மலாட்டமா?” என்று மச்சான் கத்தினான். ஆனால் பெரியவருக்கு ஆவல் வந்துவிட்டது. கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னார். கொழுந்தியாள் தானே தூக்குவாளியோடு கடைக்கு ஓடினாள். காசு நான் கொடுத்தேன்.

ஆரம்பித்தது பதினொன்று ஐந்துக்கு. அவள் மாட்டுக்குத் தவிடு கலக்கும் அகலத் தட்டைக் கழுவி அதில் டீயை ஊற்றினேன். கடுக்காய் கிடையாது. பெரியவரின் வெற்றிலைப் பெட்டியைத் திறக்கச் சொல்லிச் சுண்ணாம்பு ஒரு விரல் எடுத்துக் கலக்கினேன், டீ செங்கறுப்பாக மாறியது. “அட, என் சுண்ணாம்புதாம்பா” என்று அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்று நிமிடம் முக்கினேன். தகரக் கூரையின் மேல் விரித்தேன், அன்றைய வெயிலுக்கு ஒன்பது நிமிடத்தில் பாதி உலர்ந்தது. ஓரத்துக்கு ஒரு துணிச் சுருணையால் மூன்று பூச்சு. மடித்தேன். மடிப்புக்கு ஒரு பூச்சு. கொழுந்தியாளின் துருப்பிடித்த களைக்கொத்தை ஈரத் தாளின் மூலையில் அழுத்தி வைத்தேன், கறுத்த கறை விழுந்தது. அவள் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து மச்சான் வீட்டுப் பிளக்கிலேயே மாட்டினாள். தேய்த்து முடித்தபோது பதினொன்று ஐம்பத்தேழு.

இதற்கிடையில் கொட்டகைக்கு வெளியே முப்பது பேராவது கூடியிருந்தார்கள். ஒரு பெண் கேட்டாள்: “ஏங்க, பழசாக்கத் தெரியுதே, புதுசாக்கத் தெரியுமா? எங்க வீட்டுக்காரரை அனுப்பறேன்.”

“மனுஷனுக்குப் பண்றதில்லம்மா.”

இரண்டு தாள்களையும் எழுத்தும் மூலைக் கறையும் உள்ளே போகும்படி மடித்து, கொழுந்தியாளிடம் கொடுத்து முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொன்னேன். பிறகு பெரியவர் முன்னால் நீட்டச் சொன்னேன். “பிரிக்காம சொல்லுங்க. எது பழசு?”

பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். தடவினார். வெளிச்சத்தில் பார்த்தார். முழுசாக இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். “இதுதான். இதுல சந்தேகமே இல்ல. இது குறைச்சலா பத்து வருஷம் முன்னாடி.”

பிரித்தார். உள்ளே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தன் சுண்ணாம்பு போட்ட தாள்.

அப்போது எழுந்த சிரிப்பில் கூரையே அதிர்ந்தது. பெரியவர் நல்ல மனுஷன். அவமானப்பட்டாலும் மறைக்கவில்லை. மற்றதையும் வாங்கிப் பிரித்து எழுத்தைக் காட்டினேன். “மை எப்படிக் கசிஞ்சிருக்கு பாருங்க. எழுதினதுக்கு அப்புறம் பழசான தாள்னா எழுத்து கோடு மாதிரி நிக்கும். டீயில முக்கின தாள்ல எழுதினா இப்படித்தான் மீசை வைக்கும்.” வேட்டி நுனியை நனைத்து ஓரத்தில் தேய்த்தேன். வேட்டியில் டீ நிறம் ஏறியது. முகர்ந்து பார்க்கச் சொன்னேன். முகர்ந்தார்.

“இந்தக் காயிதம் செல்லாது” என்றார். “நெலம் மூணு பங்கு. ஆளுக்கு ஒரு ஏக்கர் ஆறு சென்ட். கெணறும் ரூமும் சின்னவ பங்குல வரட்டும்.” மற்ற நான்கு பேரும் தலையாட்டினார்கள்.

மச்சான் என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் பாய்ந்தான். “உனக்கும் ஒரு ஏக்கர் வருதுன்னுதானே உன் வீட்டுக்காரரை ஏவி விட்ட?”

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “என் பங்கையும் அவளுக்கே எழுதித் தரேன்டா. இப்பப் பேசு.”

அவன் என் பக்கம் திரும்பினான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் எங்கள் மகள் கல்யாணத்தில் தாய்மாமனாக அவன் வைத்த சீர் முழுவதையும் எண்ணி வைக்க வேண்டும் என்றான். ஊர் முன்னால் கேட்டான். தாய்மாமன் சீரைத் திருப்பிக் கேட்பது உறவையே அறுப்பது. கேட்ட ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்பாவின் கையெழுத்தை அவன் தானே போட்டது வெளியானபோது யாரும் குனியவில்லை, இதற்குக் குனிந்தார்கள்.

“வரும்” என்றேன்.

பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். வேங்கிக்கால் வரும்போது திரும்பினாள்.

“ஏங்க, காதுகுத்துக்கு நாப்பத்தஞ்சு வருஷம்னு அவன் கேட்டப்பவே உங்களுக்கு உறைக்கலயா?”

“இல்ல.”

“எண்ணு சொன்னா போதும், உங்களுக்கு வேற ஒண்ணும் காதுல ஏறாது.”

அவள் மீண்டும் ஜன்னல் பக்கம் திரும்பி, “நூறு ரூவா கம்மியாவாம வச்சிடுங்க. அவன் வாய்க்கு ஒரு சொல்லு மிச்சம் வைக்கக் கூடாது” என்றாள்.

கதை எங்கள் தெருவுக்கு மூன்று நாளில் வந்தது, தலைகீழாக. பத்திரம் போலியாகச் செய்து பிடிபட்டேன் என்று எதிர்வீட்டுக்காரர் பால்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் போனில், “போதும்ப்பா, அந்த வேலையை விட்டுடுங்க, எங்க மாமியார் வீட்டுல கேக்கறாங்க” என்றாள். விடவில்லை. நான் ஏன் விட வேண்டும்? செய்த தேதியை எழுதாமல் நான் கொடுத்தவை என் வாழ்நாளில் நான்கே தாள். அதில் ஒன்று செய்த கேட்டை அது செய்த இடத்திலேயே, அதை நம்பிய ஆட்கள் முன்னாலேயே நான் நிறுத்தினேன். மீதி மூன்றையும் மச்சானிடம் கேட்டு வாங்கி அடுப்பில் போட்டேன். இப்போது தனித்தாள் யாருக்கும் தருவதில்லை, சொந்தமானாலும் சரி. தைத்த புத்தகம் மட்டும்தான். இந்த மாதமும் பன்னிரண்டு புத்தகம் கடைக்குப் போயிற்று. கொடியில் இப்போதும் இருபது தாள் தொங்குகிறது, எதிர்வீட்டு மாடியிலிருந்து நன்றாகத் தெரியும்படி.

அந்த மூன்று தாளை வாங்கப் போன அன்றே சீரையும் கொடுத்துவிட்டேன். அரைச் சவரன் மோதிரத்தை மோதிரமாகவே கேட்டான். அன்றைய விலைக்குச் செய்கூலியோடு 29,700. பட்டுப்புடவை 6,800. மொய் 5,001. இருபத்தொரு தட்டுப் பழத்தை எப்படித் திருப்புவது என்று அவனுக்கே தெரியவில்லை, நானே 2,100 என்று போட்டேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டான். உட்காரச் சொல்லவில்லை. அவன் அக்கா வாசலிலேயே நின்றாள், பிறகு நேராகப் பம்ப் செட் அறைக்குப் போய்த் தங்கை போட்ட காப்பியைக் குடித்தாள். பஞ்சாயத்து நாளின் பஸ் 80, டீ 80, தாள் 6. இன்னொரு முறை இப்படி ஒரு கொட்டகையில் எழ வேண்டி வந்தாலும் எழுவேன். மொத்தம் நாற்பத்து மூவாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு ரூபாய்.